கூலியும் நீர்மோரும்

அன்புள்ள ஐயா,

பல ஆண்டுகளாக உங்களை வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை. மதுரையில், அழகர்கோவில் சாலையை ஒட்டிய ஓர் அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். என் மகனுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் முடித்திருக்கிறான். விடுமுறை விட்ட நாளிலிருந்து கைபேசியும் கையுமாகப் படுத்தே கிடக்கிறான். நீச்சல், கீபோர்டு, ரோபோட்டிக்ஸ் என்று எந்தக் கோடை முகாமைச் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். திடீரென்று ஒருநாள் அவனாகவே, "எங்கேயாவது வேலைக்குப் போகிறேன்" என்றான். என் நண்பர் நகருக்குள் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். மே, ஜூனில் அவருக்கு ஆள் போதாது. "சம்பளம் எதுவும் வேண்டாம், பையனுக்கு அனுபவம் கிடைத்தால் போதும்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். என் தாயாரோ, நம் வீட்டுப் பிள்ளை கடையில் நின்று பொட்டலம் கட்டுவதா என்று இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்னொன்று. சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் குடியிருப்போர் சங்கம் நீர்மோர்ப் பந்தல் போடுகிறது. அதில் சேவை செய்யும் மாணவர்களுக்குச் சான்றிதழ் உண்டு. வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது உதவும் என்கிறார்கள். ஆனால் கூட்டத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. இந்த வயதில் வேலைக்கு அனுப்புவது சரியா, சட்டம் அனுமதிக்கிறதா, பந்தலுக்கு அனுப்பலாமா என்று உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு தந்தை, மதுரை
(பெயரைத் தவிர்க்கவும்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் என் அலமாரியிலிருந்து ஒரு பழைய பைண்டு புத்தகம் தரையில் விழுந்து முதுகு பிளந்தது. வார இதழ்களிலிருந்து என் அம்மா கிழித்துச் சேர்த்து வைத்திருந்த தொடர்கதைப் பக்கங்கள். 1986 கோடையில் நானே தைத்தது. முழுவதும் நானே என்று சொல்ல முடியாது, அதற்குப் பிறகு வருகிறேன். இரண்டு நாட்களாக அந்தத் தையலைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு உங்கள் கடிதம் வேறு வந்து சேர்ந்தது. ஆகவே இந்தப் பதிலில் உங்களுக்கு உரியதைவிடச் சற்று அதிகமாகவே திட்டு விழலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 14 வயது நிறையாத பிள்ளையை, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, வேலைக்கு வைக்கவே கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிமருந்து போன்ற ஆபத்தான தொழில்களில் சேர்க்கக் கூடாது. மற்ற வேலைகளுக்குத் தடை இல்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2016-இல் திருத்தியபோது வந்த ஏற்பாடு இது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேலை வாங்கக் கூடாது. நடுவே ஒரு மணி நேரம் ஓய்வு. ஓய்வையும் சேர்த்து நாளுக்கு ஆறு மணி நேரம்தான். மாலை 7 முதல் காலை 8 வரை வேலையே கிடையாது. வாரத்தில் ஒருநாள் முழு விடுமுறை. ஜூன் முதல் வாரத்தில் உங்கள் நண்பரின் கடையில் இரவு ஒன்பது மணிக்குத்தான் கூட்டம் நெரியும். உங்கள் மகன் ஏழு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். நண்பர் முகம் கோணினால் கோணட்டும். கடையில் அவன் உட்கார ஒரு முக்காலி இருக்கிறதா என்றும் பாருங்கள். கடை ஊழியர் உட்காரலாம் என்பதற்கே கேரளத்துத் துணிக்கடைப் பெண்கள் போராட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அதற்கான சட்டத் திருத்தம் 2021-இல்தான் வந்தது.

கைபேசியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். இந்தப் பதிலை எழுதும் நேரத்தில் நானே நாலு முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். கோடை முகாம் வேண்டாம் என்று அவன் சொன்னது அறிவுள்ள காரியம். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அங்கே ஒருநாள் அவனைத் தனியாக விட்டுவிட்டு வாருங்கள், கூடவே உட்காராதீர்கள். உங்கள் தாயார் சாப்பிடுவார். பேரன் முதல் நாள் கடையிலிருந்து வியர்வையோடு வந்து சோறு கேட்கும்போது, அவனோடு சேர்ந்தே சாப்பிடுவார்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்காத வரிக்கு வருகிறேன். "சம்பளம் எதுவும் வேண்டாம்." யாருடைய சம்பளம் அது? உங்களுடையதா? காலையில் கடைக்குப் போய்ச் சுவரோரம் குயர் குயராக அடுக்கி, ஏணியில் ஏறி இறங்கி, பட்டியல் சரிபார்த்து, தோள் வலியோடு வரப்போகிறவன் அவன். அவன் உழைப்பான், நீங்கள் பெருந்தன்மை காட்டுவீர்கள். இதற்கு அவனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கடிதத்தை மூன்று முறை வாசித்தேன், கேட்டதாகத் தெரியவில்லை. "எங்கேயாவது வேலைக்குப் போகிறேன்" என்றுதான் அவன் சொன்னான். எங்கேயாவது அனுபவத்துக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை.

அனுபவம் என்ற இந்தச் சொல்லின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை செய்தால் அனுபவம், இல்லாத வீட்டுப் பிள்ளை செய்தால் கூலி வேலை. இரண்டு பேரும் தூக்குவது ஒரே அட்டைப் பெட்டியைத்தான். இன்றைக்குக் குளிரூட்டிய அலுவலகங்களிலும் பட்டதாரிகளை மாதக் கணக்கில் இலவசமாக உழைக்கவைத்து, அதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழகுநர் சட்டம் 1961-லேயே, தொழில் பழகுகிறவனுக்கும் உதவித்தொகை கொடு என்றது. அதற்கும் முன்னால், 1948-இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தை எழுதியவர்கள் அதில் ஒரு பிரிவு வைத்தார்கள்: தொழிலாளி தானே மனமுவந்து, இதைவிடக் குறைவான கூலி போதும் என்று ஒப்பந்தம் போட்டாலும் அது செல்லாது. அவன் பணத்தை அவன் விட்டுக்கொடுக்கிறான், நடுவில் சட்டத்துக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. ஒருவன் விட்டுக்கொடுத்தால் பக்கத்தில் நிற்பவனும் விட்டுக்கொடுத்தாக வேண்டும், அதுதான் விஷயம். 1982-இல் ஏஷியாட் (ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வாங்கிக்கொண்டு ஒருவன் உழைக்கிறான் என்றால், வறுமை அவன் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறது, ஆகவே அது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றது.

உங்கள் மகனின் கழுத்தை யாரும் பிடிக்கவில்லை. சரி. ஆனால் அந்தக் கடையில் அவனோடு இன்னொரு பையன் இருப்பான்.

1986 கோடையில் நான் வேலைக்குப் போன பைண்டிங் கடையிலும் அப்படி ஒருவன் இருந்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. எட்டாம் வகுப்போடு நின்றவன். மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் எவ்வளவு போட வேண்டும் என்பது அவன் கண்ணுக்குத் தெரியும், அளவு எல்லாம் கிடையாது. குத்தூசியால் பக்கக் கட்டில் துளை போடுவதையும், நூலுக்கு மெழுகு தடவி இழுப்பதையும் அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். முதல் வாரமே நான் அம்மாவின் தொடர்கதைக் கட்டை எடுத்துக்கொண்டு போனேன். மேல் பாதியை அவன் தைத்துக் காட்டினான். கீழ்ப் பாதி என்னுடையது. காலிகோ துணி பிரிந்த இடத்தில் இப்போதும் பார்க்கலாம்: மேலே அளவுகோல் வைத்ததுபோல் ஒரு கோடு, கீழே குடித்தவன் நடந்துபோன தடம்.

சனிக்கிழமை முதலாளி மூன்று பத்து ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார். சைக்கிளுக்கு டைனமோ விளக்கு வாங்குவதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்து, சாமி மாடத்தில் வைத்தேன். என் அப்பா அரசு அலுவலகத்தில் எழுத்தர். மானமுள்ள மனிதர், என் மேல் உயிரையே வைத்திருந்தவர். திங்கட்கிழமை காலை என்னோடு கடைக்கு வந்து அந்த முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். "வீட்டில் சும்மா கிடந்து கெட்டுப்போகக் கூடாது என்றுதான் அனுப்பினேன். காசுக்காக இல்லை" என்றார். நீங்கள் சொன்னதும் இதைத்தான், நண்பரே, வார்த்தைகள்தான் வேறு. முதலாளி மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. கல்லாப்பெட்டியைத் திறந்து உள்ளே போட்டுக்கொண்டார்.

அந்தப் பையன் அப்போது வாரம் இருபத்தைந்து ரூபாயிலிருந்து முப்பதாக உயர்த்தித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த சனிக்கிழமை அவன் மறுபடி கேட்டதற்கு, முதலாளி என் பக்கம் கையை நீட்டி, "இவன் சும்மாவே வருகிறான்" என்றார். அவ்வளவுதான். பையன் என்னிடம் சண்டை போடவில்லை, ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை. சொல்லிக்கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டான். குத்தூசியை என் கையில் அதற்குப் பிறகு தரவே இல்லை. மே முடியும்வரை நான் பசை தடவினேன், டீ வாங்கி வந்தேன், கடை முன்னால் தண்ணீர் தெளித்தேன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தானமாக வந்த மாட்டை யாரும் பழக்கவும் மாட்டார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். உங்கள் மகனுக்கு அனுபவம்தானே வேண்டும்? கூலி கொடுக்கிறவன்தான் வேலை வாங்குவான், வேலை வாங்குகிறவனிடம்தான் எதையாவது கற்க முடியும். சும்மா வருகிறவனை டீ வாங்க அனுப்புவார்கள்.

அப்பா மேல் எனக்கு வருத்தம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அவர் போய் இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன, இன்னும் இருக்கிறது. ஒருமுறைகூட அவரிடம் சொன்னதில்லை. உங்கள் மகனும் உங்களிடம் சொல்ல மாட்டான்.

பந்தலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகட்டும். திருமலை நாயக்கர் காலத்தில் மீனாட்சி கல்யாணத்தையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் ஒன்றாகச் சேர்த்ததிலிருந்து, ஊர் ஊராக மக்கள் இந்தச் சாலையில் நடந்துதான் வருகிறார்கள். மூன்றுமாவடியில், அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று நின்று பாருங்கள். கள்ளழகர் வேடத்தில் திரி ஏந்தியவர்கள், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தையைத் தோளில் வைத்தவர்கள். எல்லாருக்கும் தாகம். உங்கள் பயத்தையும் நான் அலட்சியம் செய்யவில்லை. 2022-இல் வைகைக்குள் நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். சாலையோரப் பந்தலில் நிற்கட்டும், ஆற்றுக்குள் இறங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

ஆனால் அந்தச் சான்றிதழ் எதற்கு? என்ன எழுதுவார்கள் அதில், "இந்த மாணவர் நானூறு டம்ளர் கழுவினார்" என்றா? எங்கள் தெருவில் உண்டியல் குலுக்கிக் காசு சேர்த்தோம். வீடு வீடாகப் பானை இரவல் வாங்கி, ஈரச் சாக்குச் சுற்றி மணலில் புதைத்து வைத்தோம். ஒரு குடம் தயிருக்கு எத்தனை குடம் தண்ணீர் என்று அடிதடி வரை போயிருக்கிறது. குடித்துவிட்டு வாயைத் துடைத்தபடி போகிறவர் நம் பெயரைக் கேட்க மாட்டார். அங்கே யாருக்கும் லாபமில்லை, பக்கத்தில் நிற்பவனின் கூலி யாராலும் குறையாது. இலவசமாகச் செய்யத் தகுந்த இடம் என்றால் அதுதான். நீங்களோ கூலி வாங்க வேண்டிய இடத்தில் பையனை இலவசமாக நிறுத்துகிறீர்கள், இலவசமாகச் செய்ய வேண்டிய இடத்தில் காகிதமாகக் கூலி கேட்கிறீர்கள். கோபப்படாமல் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

நண்பருக்கு இன்றே தொலைபேசியில் பேசுங்கள். சொன்னதைத் திரும்பப் பெறுவது சங்கடம்தான், படுங்கள். மற்றப் பையனுக்கு என்ன கொடுக்கிறாரோ அதையே இவனுக்கும் கொடுக்கட்டும், இவன் கையிலேயே கொடுக்கட்டும். அந்தப் பணத்தை அவன் கண்ணாடிக் கடையிலோ பிரியாணிக் கடையிலோ தொலைத்தால் தொலைக்கட்டும். பிறகு, மோரில் கட்டி ஐஸ் போட விடாதீர்கள். மீன் பெட்டிக்குப் போவதும் அதுவாகத்தான் இருக்கும். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடச் சொல்லுங்கள், முழு இலை தொண்டையில் நிற்கும்.

அம்மாவின் புத்தகத்தை நேற்று இங்குள்ள பைண்டர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பழைய தையலைப் பிரித்துவிட்டுப் புதிதாகத் தைத்துத் தருகிறேன் என்றார். தையலைத் தொட வேண்டாம், முதுகுத் துணியை மட்டும் மாற்றுங்கள் என்றேன். இருநூற்றைம்பது ரூபாய் கேட்டார். பேரம் பேசவில்லை.