இன்னும் மூன்று கட்டைதான்!

கேள்வி: செம்பூரில் ஒரு படுக்கையறை கொண்ட வீடு எங்களுடையது. என் 12 வயது மகன் விஆர் ஹெட்செட்டை (கண்ணை முழுதாக மூடி, விளையாட்டு உலகை மட்டுமே காட்டும் கருவி) மாட்டிக்கொண்டு, பாட்டின் தாளத்துக்கு எதிரே பறந்துவரும் கட்டைகளை வெட்டும் விளையாட்டை ஹாலில் விளையாடுகிறான். நகரலாம் என்ற இடத்தைச் சுற்றி ஹெட்செட்டிலேயே எல்லைக்கோடு வரைந்துவிட்டுத்தான் தொடங்குகிறான்; ஆனாலும் சென்ற வாரம் டிவி ஸ்டாண்டில் கை மோதி மணிக்கட்டு வீங்கிவிட்டது. கேட்டால், “கோடு தெரிந்ததும்மா, இன்னும் மூன்று கட்டைதான் பாக்கி இருந்தது” என்கிறான். இது கவனக்குறைவுதானே? – ஒரு தாய், மும்பை

பதில்: அந்த மூன்று கட்டைகளில்தான் விஷயமே இருக்கிறது, அம்மா. தவறாமல் வெட்ட வெட்ட மதிப்பெண் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என ஏறுவதும், ஒன்றைத் தவறவிட்டால் அந்த ஏற்றம் சரிவதும் இவ்வகை விளையாட்டுகளில் வழக்கம். ஆகவே எல்லையை நெருங்கியதும் கண்முன் எழும் கட்டவலை ‘நில்’ என்று சொல்லும் அதே நொடியில், நின்றால் சேர்த்தது போய்விடும் என்று விளையாட்டு அவனை இழுக்கிறது. கைபேசியிலும் இந்த இழுப்பு உண்டு. அங்கே போவது நேரமும் தூக்கமும். இங்கே கண்ணைக் கட்டிக்கொண்டவன் போல முழு வேகத்தில் கை வீசுகிறான். பையனைத் திட்டுவதில் நியாயமில்லை.

கோட்டை மட்டும் நம்பவும் வேண்டாம். அது தரையில் வரைவது. தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியைப் பற்றி அது எச்சரிக்காது. விசிறியை நிறுத்திய பிறகே ஹெட்செட்டைத் தொட வேண்டும் என்று விதி வையுங்கள் (மும்பைப் புழுக்கத்தில் ஆட்டம் தானாகவே சீக்கிரம் முடியும் என்பது கூடுதல் லாபம்). நடமாடி விளையாட 2 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது பக்கத்துக்கு ஆறரை அடி, வெற்றிடம் வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். சோபாவை நகர்த்தாமல் உங்கள் ஹாலில் அது கிடைக்காது என்றே நினைக்கிறேன். நடுவில் ஒரு சிறிய மிதியடியைப் போட்டு, வெறுங்காலுடன் அதன்மேல் நிற்கச் சொல்லுங்கள். கண்ணை விளையாட்டு பிடித்துவைத்திருந்தாலும், மிதியடி விலகித் தரையின் குளிர்ச்சி பட்டதும் பாதம் சொல்லிவிடும்.

அரை மணிக்கு ஒருமுறை 10 முதல் 15 நிமிட ஓய்வு என்பது ஹெட்செட்டுடன் வரும் பாதுகாப்புக் குறிப்பிலேயே உள்ள அறிவுரை. அதை நிமிடத்தில் சொல்லாமல் பாட்டுக் கணக்கில் சொல்லுங்கள். பாட்டின் நடுவே நிறுத்தச் சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்காது. நண்பன் உன் சாதனையை முறியடித்துவிட்டான் என்பது போன்ற அறிவிப்புகளை, மகனை அருகில் வைத்துக்கொண்டே அணைத்துவிடுங்கள்.

வீக்கம் இன்னும் வற்றவில்லையென்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த வயதில் மணிக்கட்டெலும்பின் நுனி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்.