சம்பளம் வாங்காமல் வெளிநாட்டுத் தோட்டத்தில் வேலை செய்வது ஏமாளித்தனமா?

கேள்வியோடு நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் கொஞ்சம்தான். சிங்கப்பூரில் இருக்கிறீர்கள், ஐரோப்பாவில் சில வாரம் தனியாகச் சுற்ற ஆசை, கையில் பணம் குறைவு. ஒரு தோட்டத்தில் அரைநாள் வேலை செய்தால் தங்க இடமும் சாப்பாடும் தருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். வீட்டில், "கூலியில்லாமல் எவனாவது வேலை செய்வானா, ஏமாறாதே" என்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படிச் சொன்னது யார் என்று எழுதவில்லை. எங்கள் வீட்டில் சொன்னது பெரியப்பா. அதனால்தான் இந்தக் கேள்வியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

ஏமாளித்தனம் இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்துக்கும் போகலாம் என்றும் சொல்ல மாட்டேன். நல்ல இடம், கெட்ட இடம் இரண்டிலும் வேலை செய்திருக்கிறேன்.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததல்ல. 1971-இல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ கோப்பார்ட் என்ற பெண், நகரத்தில் அடைந்து கிடப்பவர்கள் வார இறுதியிலாவது மண்ணில் கை வைக்கட்டும் என்று ஆரம்பித்தது. அதுதான் இன்று பல நாடுகளில் வூஃப் என்ற பெயரில் நடக்கிறது. அது இயற்கை விவசாயப் பண்ணைகளுக்கானது. வொர்க்கவே போன்ற தளங்கள் பின்னால் வந்தவை. அவற்றில் விடுதி வேலை, பிள்ளை பார்த்துக்கொள்வது, வீடு பழுதுபார்ப்பது எல்லாம் உண்டு. பொதுவாக எழுதப்பட்டிருக்கும் கணக்கு, நாளுக்கு ஐந்து மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெரியப்பா. எங்கள் தாத்தா, கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்த காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். 1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலியாட்கள் போவதற்குத் தடை போட்டது; அதற்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தார். ஜொகூரில் ரப்பர் தோட்டம். பெரியப்பா லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். விடியும் முன்னே பாட்டியோடு காட்டுக்குப் போய் மங்கு (ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்) துடைத்திருக்கிறார், பள்ளிக்கூடம் விட்டால் ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டியிருக்கும் பால்) பொறுக்கியிருக்கிறார். பிறகு தாத்தாவுக்குச் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை கிடைத்துக் குடும்பம் இங்கே வந்தது. நான் இத்தாலியில் ஒரு தோட்டத்துக்கு வேலை செய்யப் போகிறேன் என்று சொன்னதும் அவர் கோபப்படவில்லை. முகம் வாடிப்போனது.

"உங்க தாத்தா தோட்டத்தை விட்டு வெளியே வர்றதுக்கு என்ன பாடுபட்டார்னு உனக்குத் தெரியாதும்மா. நீ சொந்தக் காசுல டிக்கெட் வாங்கிக்கிட்டுத் தோட்டத்துக்குப் போறேங்கிற."

அன்றைக்கு அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. பதில் கிடைத்தது அந்தப் பயணத்தின் முதல் இடத்தில். ஊர், நாடு, பெயர் எதுவும் வேண்டாம். பெரிய தோட்டம், நடுவில் பழைய மாளிகை. விளம்பரத்தில் காய்கறிப் பாத்தியும் குதிரைகளும் இருந்தன. போன மறுநாளே கையில் கொடுத்தது படுக்கை விரிப்பும் துடைப்பமும். மாளிகையில் அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலையில் ஒரு கூட்டம் கிளம்பும், மாலையில் அடுத்த கூட்டம் வரும், இடைப்பட்ட நேரத்தில் எல்லா அறையையும் துடைத்து முடிக்க வேண்டியது தொண்டூழியர்களாகிய நாங்கள். கழிப்பறைக் காகிதத்தின் நுனியை முக்கோணமாக மடித்து வைக்க வேண்டும். மடிப்பு கோணலாக இருந்தால் வீட்டுக்கார அம்மாள் நம்மை மறுபடி மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டுவார். அதே வேலையைப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருவர் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்தாராம், வெளிநாட்டுப் பிள்ளைகள் வர ஆரம்பித்ததும் அவரை நிறுத்திவிட்டார்களாம். இதைச் சொன்னது அங்கே சமையல் செய்தவர். ஐந்து மணி நேரம் என்று எழுதியிருந்தது எட்டாகி ஒன்பதாகியது. கேட்டால், "இங்கே எல்லாரும் ஒரே குடும்பம்" என்ற பதில்.

காலையில் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். மோசமான மதிப்புரை எழுதுவேன் என்றார் அந்த அம்மாள். எழுதட்டும். பெட்டியை இழுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) என் பையில் இருந்தது, திரும்பும் டிக்கெட் என் பெயரில் இருந்தது, ஒரு வாரம் வெளியில் தங்கும் அளவுக்கு வங்கியில் பணம் இருந்தது. தாத்தாவிடம் இதில் ஒன்றுகூட இருந்ததில்லை. பிடிக்கவில்லை என்றால் விடிந்ததும் எழுந்து போக முடிகிற இடத்தில் மட்டும்தான் கூலியில்லாமல் உழைக்கலாம். பெரியப்பாவுக்கும் உங்களுக்கும் என் பதில் இதுதான். போக முடியாதபடி ஏதாவது ஒன்று உங்களைக் கட்டிப்போடுகிறது என்றால், கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், பேருந்தே வராத மலை, முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், எதுவாக இருந்தாலும் சரி, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அடுத்துப் போன இடம் இத்தாலியின் டஸ்கனியில், சியெனாவுக்குப் பக்கத்தில். ஆலிவ் அறுவடை நேரம். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

வேலை இலை ஈரம் காய்ந்த பிறகுதான் தொடங்கும். மரத்தைச் சுற்றி வலை விரிக்க வேண்டும். சரிவான நிலம் என்பதால் கீழ்ப்பக்க ஓரத்துக்குக் குச்சி கொடுத்துத் தூக்கி நிறுத்தாவிட்டால் காய் உருண்டு ஓடிவிடும். கைப்பிடி போட்ட பெரிய சீப்பு மாதிரி ஒன்றால் கிளையை வார, காய்கள் பொலபொலவென்று வலையில் விழும். விழுந்த காயை மிதிக்கக் கூடாது, நசுங்கினால் புளித்து எண்ணெயைக் கெடுத்துவிடும். அதனால் வலைக்குள் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகரக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் நாள் முழுக்க எனக்கு அந்த நடைதான் பாடம். மதியச் சாப்பாட்டோடு என் பங்கு வேலை முடிந்தது. இன்னும் கொஞ்சம் பறிக்கிறேன் என்றாலும் வீட்டுக்காரர் விடமாட்டார். சம்பளத்துக்கு வந்த ஆட்கள் இருவர் மாலைவரை தொடர்வார்கள். பறித்த காய் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். 100 கிலோ காய்க்கு 15 கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல விளைச்சல். புது எண்ணெய் பச்சைப் பசேலென்று இருக்கும், தொண்டையில் மிளகு கடித்த காரம். அவர்கள் ஊர் ரொட்டியில் உப்பே கிடையாது. அதைச் சுட்டு, பூண்டைத் தேய்த்து, இந்த எண்ணெயை ஊற்றித் தருவார்கள். எனக்கு அதுவே இரவுச் சாப்பாடாகப் போதும்.

அந்த மரங்கள் பலவும் ஒற்றைத் தண்டாக இல்லாமல் ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டாகப் பிரிந்து நின்றன. 1985 ஜனவரியில் அடித்த உறைபனியில் டஸ்கனியின் ஆலிவ் மரங்கள் பெருமளவு கருகிவிட்டன. ஃபிளாரன்ஸில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போனது. மரத்தை அடியோடு வெட்டினார்கள், வேர் சாகவில்லை, கட்டையிலிருந்து துளிர்த்ததில் சிலவற்றை விட்டு வளர்த்தார்கள். நான் காய் பறித்தது அந்தத் துளிர்களில்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் சாயங்காலம் வந்து உட்காருவார். வீட்டுக்காரரின் மகள் அவர் பேசுவதை எனக்குச் சொல்வாள். அவருடைய அப்பா வாரக் குடியானவர். நிலம் முதலாளியுடையது, விளைச்சலில் பாதி முதலாளிக்கு. கணக்கு எழுதுவது முதலாளியின் மேலாளர். வீட்டில் கல்யாணம் என்றால்கூட முதலாளியிடம் அனுமதி கேட்க வேண்டும். இந்த முறையில் புதிய ஒப்பந்தம் போடக் கூடாது என்று 1964-இல்தான் சட்டம் வந்தது. அதற்குள்ளேயே பாதிப் பேர் நிலத்தை விட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன கல்வீடுகளில்தான் இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போய் விடுமுறைக்குத் தங்குகிறார்கள்.

திரும்பி வந்து இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். ஆலிவ், எண்ணெய், ரொட்டி எதிலும் அவருக்கு அக்கறை இல்லை. அந்தப் பெரியவரைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். "மழை பேஞ்சா அவங்களுக்கு என்ன செய்வாங்களாம்?" என்றார். ரப்பர் தோட்டத்தில் மழை என்றால் பால் வெட்டு கிடையாது, அன்றைக்குக் கூலியும் கிடையாது. அது அவருக்கு எழுபது வயதுக்கு மேலும் மறக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, "வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு இது, ஏழைத் தொழிலாளியின் வேலையைப் பறிக்கிறீர்கள்" என்று யாராவது எழுதுவார்கள். பாதி உண்மை என்பதால்தான் மேலே அந்தக் கிராமத்துப் பெண்ணைப் பற்றி எழுதினேன். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை உங்களை வைத்து முடித்துக்கொள்ளும் இடத்துக்குப் போவது தவறு, அங்கே நீங்கள் எவ்வளவு அன்பாக நடத்தப்பட்டாலும் தவறு. விளம்பரத்தில் "விருந்தினர் அறை" என்ற சொல் வந்தாலே நான் அடுத்ததற்குப் போய்விடுவேன்.

"மண்ணைத் தொட இத்தாலி எதற்கு, இங்கேயே தொடலாமே" என்பவர்களும் உண்டு. ஐயா, முயற்சி செய்யாமலா? தேசியப் பூங்காக் கழகத்தின் தோட்டப் பாத்திக்கு விண்ணப்பித்தேன். இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், மூன்று ஆண்டுக் குத்தகை, கேட்பவர்கள் அதிகமானால் குலுக்கல். என் பெயர் வரவில்லை, அதில் யார் மேலும் வருத்தமில்லை. வருத்தம் எங்கள் மாடியில் நடந்தது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு நடைபாதையில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருந்தேன். தீ விபத்து நேர்ந்தால் ஆட்கள் ஓட 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி. அளந்து பார்த்துத்தான் வைத்தேன், அதற்கு மேலேயே இடம் இருந்தது. அப்படியும் யாரோ புகார் கொடுத்து, தொட்டியை எடுக்கச் சொல்லிக் கதவில் கடிதம் ஒட்டினார்கள். அந்த மாடியில் என் தொட்டியில் இலை பறிக்காத வீடு இல்லை. சீன, மலாய் வீட்டுப் பாட்டிகள்கூட உரிமையோடு கிள்ளிக்கொண்டு போவார்கள். ஒருவர் நேரில் வந்து கதவைத் தட்டி, "இது எனக்கு இடைஞ்சலாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் நானே உள்ளே எடுத்து வைத்திருப்பேன். பெயர் போடாமல் புகார் கொடுக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் ஊரில், ஒரு செடி நிற்பதைப் பார்க்கப் பொறுக்காதவர்களும் இருக்கிறார்கள். சரி, கேள்விக்கு வருகிறேன்.

விசா விஷயத்தில் விளையாடாதீர்கள். நம் சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் கூட்டமைப்பு நாடுகளில் விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள் இருக்கலாம், ஆனால் அது சுற்றிப் பார்க்கத் தரும் அனுமதி. ஒவ்வொரு நாடும் இதை ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. நியூசிலாந்தில் சாப்பாடும் படுக்கையும்கூட ஊதியம்தான், வேலை செய்ய அனுமதிக்கும் விசா இல்லாமல் வூஃப் போக முடியாது. பிரிட்டனுக்குப் பயணியாகப் போனவர் பதிவு பெற்ற அறநிறுவனத்தில் மட்டும், அதுவும் 30 நாளுக்கு மேற்படாமல் தொண்டூழியம் செய்யலாம். ஆஸ்திரேலியாவில் 2015 டிசம்பர் முதல், சம்பளமில்லாத பண்ணை வேலையை வேலையும் விடுமுறையுமாகத் தரும் விசாவை இரண்டாம் ஆண்டுக்குப் பெறக் கணக்கில் எடுப்பதில்லை. நான் போகும் முன் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகே டிக்கெட் எடுத்தேன். நீங்களும் தூதரகத்திடம் கேளுங்கள், முகநூல் குழுவில் கேட்காதீர்கள். பயணக் காப்புறுதியையும் படித்துப் பாருங்கள். பலவற்றில் உடலுழைப்பு வேலையில் பட்ட காயத்துக்கு இழப்பீடு கிடையாது, ஏணியிலிருந்து விழுந்தால் செலவு உங்கள் தலையில்.

தனியாகப் போகும் பெண் நீங்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். முன்பு தங்கிய பெண்கள் எழுதிய மதிப்புரை இல்லாத வீட்டுக்குப் போகாதீர்கள். காணொளியில் ஒருமுறை பேசுங்கள். உள்ளே தாழ் போடும் அறை உண்டா, எத்தனை மணிக்கு வேலை முடியும், பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போக முடியுமா என்று நேராகக் கேளுங்கள். நல்லவர்கள் இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சியெனா வீட்டுக்காரர் வரைபடமே போட்டு அனுப்பினார், பேருந்து நேரத்தோடு.

ஆலிவ் என்றால் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை, பள்ளி விடுமுறை ஆரம்பிக்கும் நேரத்தில் அநேகமாக முடிந்துவிடும். நல்ல வீடுகளில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஜூலையிலேயே எழுதிவிடுங்கள். கையுறை அங்கே தருவார்கள். காலணி மட்டும் புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு போகாமல், இங்கே மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப் பக்கம் நாலு நடை நடந்து பழகியதைக் கொண்டுபோங்கள்.