பழைய சுவருக்குப் பிறைமர் வாங்குமுன்

கேள்வி: கிளிநொச்சியில் உள்ள எங்கள் பழைய கல்வீடு யுத்த காலத்தில் கூரையை இழந்து, சில வருடங்கள் மழையில் நனைந்தபடி நின்றது. மீள்குடியேறிய பின் கூரை போட்டு அதிலேயே வசிக்கிறோம். சுவர்ப்பூச்சில் எறிகணைச் சிதறல் பட்ட துளைகளும் மயிர் வெடிப்புகளும் உள்ளன. அடிப்பகுதியில் பூச்சு உப்பி உதிர்கிறது. சுவர் முழுவதும் பில்லர் (மேடுபள்ளத்தை நிரப்பும் பசை) இழுத்து, விலைகூடிய பிறைமர் (பெயின்ற்றுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒன்றை அடித்தால் போதும் என்று ஹாட்வெயார் கடையில் சொல்கிறார்கள். தைப்பொங்கலுக்கு முன் வேலையை முடிக்க வேண்டும். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம். வன்னியில் ஒக்டோபர் முதல் பெய்யும் மாரிமழை பொங்கல் வரை சுவரை ஈரமாகவே வைத்திருக்கும். ஈரச் சுவரில் அடிக்கும் பிறைமர், அது எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், உள்ளே நிற்கும் நீர் வெளியேற முயலும்போது கொப்புளித்து உரியும். ஒரு பொலித்தீன் துண்டின் நான்கு ஓரங்களையும் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். அதன் உட்புறத்தில் நீர்த்துளி இருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

அடிப்பகுதி உதிர்வதற்கான காரணத்தை முதலில் தேடுங்கள். முற்றத்து மண் வீட்டின் தரைமட்டத்துக்கு மேல் குவிந்திருக்கலாம்; பீலி இல்லாத கூரைத் தண்ணீர் சுவரடியில் விழலாம்; அல்லது நிலத்தின் ஈரம் சுவர்வழியே ஏறலாம். இவற்றைத் திருத்தாமல் அவ்விடத்தில் பில்லர் இழுப்பது வீண் செலவு என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். தட்டிப் பார்த்து, வெற்றொலி எழும் பூச்சு முழுவதையும் கொத்தி எடுங்கள். வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைக் கழுவினால் அது கரைந்து மறுபடி சுவருக்குள் போகுமாகையால், காய்ந்த தூரிகையால் மட்டும் தட்டி எடுக்க வேண்டும்.

சிதறல் துளைகளில் தனிக் கவனம் தேவை. இரும்புத் துண்டு உள்ளே தங்கியிருந்தால், தண்ணீர் கலந்த பில்லர் பட்டதும் துருப்பிடித்து, புதிய பெயின்ற்றின் ஊடாகச் செந்நிறக் கறையாக வெளிப்படும். ஆகவே சிறு துண்டுகளை முதலில் கிளறி எடுங்கள். இன்னதென்று தெரியாத பெரிய உலோகப் பொருள் எதையும் கண்டால் கைவைக்காமல் பொலிசாருக்கு அறிவியுங்கள். ஆழமான துளையையும் பூச்சு கொத்திய இடத்தையும் தண்ணீர் தெளித்து, சீமெந்துச் சாந்தால் நிரப்பி, 28 நாட்களாவது விட்டபின்னரே பிறைமர் அடிக்கலாம். பில்லர் என்பது ஓரிரு மில்லிமீற்றர் மேடுபள்ளத்துக்கும் மயிர் வெடிப்புக்கும் உரியது. தடிப்பாக இழுத்தால் அதுவே வெடிக்கும். ஆகையால் சுவர் முழுவதற்கும் அது தேவையில்லை. யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, அடைத்த பிறகும் திறக்கும் வெடிப்பு இருந்தால், பெயின்ற்காரருக்கு முன் மேசனைக் கூப்பிடுங்கள்.

பழைய சுவரைக் கையால் தடவும்போது சுண்ணாம்புத் தூள் ஒட்டினால், அதைச் சுரண்டித் துடைக்காமல் அடிக்கும் எந்தப் பிறைமரும் அந்தத் தூளோடு சேர்ந்தே கழன்றுவிடும். (பொங்கலுக்கு என்று மேலும் ஒரு தடவை வெள்ளை அடித்துவிடாதீர்கள், பிறகு சுரண்டும் வேலை இரட்டிக்கும்.) புதிய சீமெந்து ஒட்டுகள் இருப்பதால், சீமெந்தின் காரத்தைத் தாங்கும் பிறைமரா என்று வாளியில் பார்த்து வாங்குங்கள். அளவைப் பொறுத்தவரை, 10 அடிக்கு 12 அடி அறையில் 9 அடி உயரச் சுவர்கள் 396 சதுர அடி வரும். கதவு, யன்னலைக் கழித்து, வாளியில் ஒரு லீற்றருக்குக் குறித்துள்ள பரப்பால் வகுத்துக்கொள்ளுங்கள். பழைய பூச்சு அதிகம் உறிஞ்சும் என்பதால் சற்றுக் கூடவே தேவைப்படும்.

கேள்வி: புதுக்குடியிருப்பில் வாங்கிய பில்லர் பை ஒன்று உள்ளே கட்டிபட்டிருந்தது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

பதில்: சீமெந்து கலந்த பில்லர் தூள் ஈரம் பட்டுக் கட்டியானால் பிறகு பிடிக்காது, உடைத்துக் கலக்க வேண்டாம். வாங்கும்போதே பையை அமுக்கிப் பார்த்து, உற்பத்தித் திகதியையும் பாருங்கள். பற்றுச்சீட்டும் பையும் கைவசம் இருந்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.