கேள்வி பதில்: அணியிலிருந்து அணிக்குப் போகும்போது எது கெடாமல் இருக்கிறது?

(கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் ஒருவர் டெல்டா மாவட்ட மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சொன்ன பதில்கள்.)

மன்னார்குடி, எம்.எஸ்ஸி. மாணவர்: சார், ‘அமைப்பைக் காக்கும் நேரியல் உருமாற்றம்’ என்கிறார்களே, எந்த அமைப்பை?

நேரியல் உருமாற்றம் என்பது, கூட்டலையும் எண்ணால் பெருக்குவதையும் கெடுக்காமல் ஓர் அணியை இன்னோர் அணியாக்கும் விதி. அது நீங்கள் எதைக் காக்கச் சொல்கிறீர்களோ அதைத்தான் காக்கும், தம்பி. அணிக்கோவை, தரம், ஹெர்மிஷியன் தன்மை (நிரை நிரல் மாற்றி, உறுப்புகளின் இணையெண் எடுத்தாலும் அணி மாறாமல் இருப்பது), எதுவானாலும் சரி. 1897-இல் ஃப்ரோபீனியஸ் என்ற கணிதவியலாளர் அணிக்கோவையை எடுத்துக்கொண்டார். சதுரக் கலப்பெண் அணிகள்மீது ஒரு நேரியல் உருமாற்றம் அணிக்கோவையை மாற்றாமல் விட்டால், அது ‘க’ என்ற அணியை, ப, ம என்ற இரண்டு நிலையான அணிகளால் இருபக்கமும் பெருக்கி ‘ப க ம’ என்று ஆக்கும். அல்லது க-வுக்கு நிரை நிரல் மாற்று எடுத்துவிட்டு அதையே செய்யும். ப, ம இவற்றின் அணிக்கோவைகளைப் பெருக்கினால் 1. வேறு வழி கிடையாது! 3×3 அணிகளில் பொதுவான உருமாற்றம் ஒன்றை எழுத 81 எண்கள் வேண்டும். ஒரே நிபந்தனை அத்தனையையும் இரண்டு சிறிய அணிகளுக்குள், 18 எண்களில், அடக்கிவிடுகிறது. இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மயிலாடுதுறை, பள்ளி ஆசிரியை: 2×2 அணியின் சேர்ப்பு அணிக்கும் (முதன்மை மூலைவிட்டத்தின் இரண்டு உறுப்புகளை இடம் மாற்றி, மற்ற இரண்டின் குறியை மாற்றினால் வருவது) அதே அணிக்கோவைதானே? அது இதில் எங்கே வருகிறது?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள், அம்மா. நிரைகள் (0, 1), (−1, 0) உள்ள அணியை ‘ட’ என்போம். நிரை நிரல் மாற்று எடுத்து, இடப்பக்கம் ட-வாலும் வலப்பக்கம் ட-வின் நேர்மாறாலும் பெருக்குங்கள். சேர்ப்பு அணி வந்து நிற்கும். ஃப்ரோபீனியஸ் சொன்ன இரண்டாம் வகைதான். 3×3-இல் இது நடக்காது, அங்கே சேர்ப்பு அணி நேரியலே இல்லை.

திருவாரூர், ஆய்வு மாணவி: நிபந்தனை எதுவும் இல்லாத உருமாற்றத்தை எப்படி எழுதுவது, சார்?

ஓரிடத்தில் மட்டும் 1, மற்றதெல்லாம் 0 என்று இருக்கும் அடிப்படை அணிகள் எங்கே போகின்றன என்று பாருங்கள். அந்த விடைகளை அடுக்க இரண்டு முறை உண்டு. ஒவ்வொரு விடையையும் ஒரே நிரலாக நீட்டி, பக்கம் பக்கமாக வைத்தால் வழக்கமான அணி. அப்படி நீட்டாமல், எந்த இடத்தில் 1 இருந்ததோ அதே இடத்தில் விடையைக் கட்டமாகவே வைத்தால் சோய் அணி, சோய் என்ற கணிதவியலாளரின் பெயரால். எண்கள் அதேதான், இடம்தான் வேறு. நாற்றங்காலில் பறித்த நாற்றைத்தானே வயலில் நடுகிறோம், நட்ட பிறகுதானே பயிர் தெரிகிறது!

1975-இல் சோய் காட்டியது இதுதான்: சோய் அணி ஹெர்மிஷியனாக இருந்து, அதன் ஐகன் மதிப்பு (அணி தன் ஐகன் வெக்டரை எத்தனை மடங்காக்குகிறதோ அந்த எண்) எதுவும் குறையெண் ஆகாவிட்டால், உருமாற்றம் முழு மிகைத்தன்மை உடையது. அதாவது பெரிய அணி ஒன்றைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்தின்மீதும் செலுத்தினாலும் அதன் மிகைத்தன்மை, அதாவது ஹெர்மிஷியனாகவும் குறையெண் ஐகன் மதிப்பு இல்லாமலும் இருப்பது, கெடாது. இதன் மறுதலையும் உண்மை.

கும்பகோணம், எம்.எஸ்ஸி. மாணவர்: ஒரு எடுத்துக்காட்டு போட்டுக் காட்டுங்கள், சார்.

2×2 நிரை நிரல் மாற்றையே எடுங்கள். அதன் சோய் அணியின் நிரைகள்: (1,0,0,0), (0,0,1,0), (0,1,0,0), (0,0,0,1). ஐகன் மதிப்புகள் 1, 1, 1, −1. அந்த ஒரு −1 போதும், முழு மிகைத்தன்மை போய்விட்டது. ஆனால் இந்த நான்கு மதிப்புகளும் வாய்பாட்டையும் கொடுத்துவிடுகின்றன. நீளம் 1 உள்ள, ஒன்றுக்கொன்று செங்குத்தான நான்கு ஐகன் வெக்டர்களை எடுத்து, ஒவ்வொன்றையும் 2×2 அணியாக மடித்து ‘வ’ என்று வையுங்கள். க-வின் இடப்பக்கம் வ, வலப்பக்கம் வ-வின் இணையெண் நிரை நிரல் மாற்று. முன்னால் ஐகன் மதிப்பின் குறி. நான்கையும் கூட்டினால் க-வின் நிரை நிரல் மாற்று அப்படியே வரும். தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பார்த்துக்கொண்டிருந்தால் மனதில் தங்காது.

பாபநாசம், கல்லூரி விரிவுரையாளர்: முழுமையாக இல்லாத, வெறும் மிகைத்தன்மை காக்கும் உருமாற்றங்களுக்கும் இப்படி ஒரு வடிவம் உண்டா, ஐயா?

சிறிய அளவில் உண்டு. 2×2-இலிருந்து 2×2-க்கோ 3×3-க்கோ போனால், முழு மிகைத்தன்மை உள்ள ஒன்றும், அப்படிப்பட்ட இன்னொன்றை நிரை நிரல் மாற்றோடு சேர்த்ததும் கூடியதாக எழுதலாம். கணிதவியலாளர் வொரோனொவிச் இதை 1976-இல் முடித்துவைத்தார். 3×3-இலிருந்து 3×3-க்கு வந்தால் இந்தப் பிரிப்பு எல்லா உருமாற்றங்களுக்கும் வராது. அதற்கான எதிர்க்காட்டைக் கொடுத்தவரும் சோய்தான். உங்கள் மாணவர்களுக்கு முதலில் 2×2-ஐ முழுதாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு அந்த எதிர்க்காட்டைக் காட்டுங்கள்.