ஊருக்குத் திரும்பாதது துரோகமா?

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம் என் ஊர். வயது 39. அரசுக் கல்லூரியில் நர்சிங் படித்தேன். தங்கச்சி கல்யாணக் கடனை அடைக்க வழியில்லாமல் 2016-ல் இங்கிலாந்து வந்தேன். இப்போது நோய் முற்றியவர்களுக்கான வலி நிவாரணப் பிரிவில் வேலை. கணவர், இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்துவிட்டது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுக்கவில்லை.

போன வருஷம் கோவில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பந்தலில் சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது பெரியப்பா சொன்னார், அவர் ரிட்டயர்டு வாத்தியார்: “அரசாங்கத் துட்டுல படிச்சுட்டு வெள்ளக்காரனுக்கு ஊசி போட்டுக்கிட்டு இருக்கே. நாடு எப்பிடிளா முன்னேறும்? ஜோஹோ கம்பெனி ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவ விட்டுட்டுத் தென்காசிக்கு வரலையா?” யாரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

அந்த லீவில்தான் ஆச்சியையும் பார்த்தேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கை. முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. புண்ணில் மஞ்சளைக் குழைத்து அப்பியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் பீடி சுற்றும் பிள்ளை ஒருத்தி கூடவே நின்று பார்த்தாள். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவுவது, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து ஒருச்சாய்த்துப் படுக்க வைப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றுவது எல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நான் கிளம்பும்போது புண்ணில் சிவப்பாகப் புதுச் சதை பிடிக்க ஆரம்பித்திருந்தது.

ஊருக்கே போய்விடலாம் என்றால் கணவர், “போறதுன்னா நீ மட்டும் போ, பிள்ளைகள் படிப்பக் கெடுக்காத” என்கிறார். திரும்பி வருவது என் கடமையா? வராவிட்டால் நான் துரோகியா?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரி,

நீங்கள் துரோகி இல்லை. நெல்லைச் சீமைக்காரர்கள் கொழும்புக்கும் பம்பாய் தாராவிக்கும் பிழைக்கப் போன காலத்தில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மணியார்டர் எப்போது வரும் என்றுதான் வாசலைப் பார்த்திருந்தார்கள்.

அரசுப் பணத்தில் படித்தீர்கள் என்பது உண்மை; பெரியப்பாவின் ஆதங்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2015-ல் தமிழக அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்தத்தில் சேர்ந்த நர்ஸ்களுக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராட வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த வருஷம் விமானம் ஏறிய ஒருத்தியிடம் மட்டும் நாட்டின் கணக்கைக் கேட்பது எப்படிச் சரியாகும்? மருத்துவப் பணியாளர்களை வெளிநாட்டுக்கு எடுப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010-ல் நடத்தை நெறி ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் பொறுப்பு பெரும்பாலும் அரசுகள் மீதும் ஆள் எடுப்பவர்கள் மீதும்தான். தனி மனிதர் இடம்பெயரும் உரிமையை அது மறுக்கவில்லை.

ஸ்ரீதர் வேம்பு பேச்சுக்கு வருகிறேன். நம் பக்கத்து உதாரணம் என்பதால் எல்லார் வாயிலும் சட்டென்று வந்துவிடுகிறது. அவருடைய மென்பொருள் நிறுவனம் தொடங்கியது 1996-ல். தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் அதன் அலுவலகம் வந்தது 2011-ல். அவர் தென்காசிப் பக்கம் குடிவந்தது 2019-ல். ஆள் வருவதற்கு எட்டு வருஷம் முன்பே வேலை வந்து சேர்ந்துவிட்டது! இந்த வரிசையைப் பெரியப்பா கவனித்திருக்க மாட்டார். நீங்கள் கவனியுங்கள்.

உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது நாட்டுக் கவலை என்று எனக்குத் தோன்றவில்லை. சபையில் பட்ட அவமானம் அது. குற்ற உணர்வு ‘செய்தது தப்பு’ என்று சொல்லும். அவமானம் ‘நீயே தப்பு’ என்று சொல்லும். அதைத் துடைப்பதற்காக எடுக்கிற முடிவு நிலைக்காது. ஊர் வாயை அடைக்க இன்றைக்குத் திரும்பி வந்தால், ஆறு மாதத்தில் அதே ஊர் “அங்க பிழைக்க முடியல போல” என்று பேசும். அன்றைக்கு எதைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்? அம்மாவிடமும் தனியாக ஒருதரம் பேசிவிடுங்கள். அவர் வெட்கப்பட்டுத் தலை குனிந்தாரா, வீட்டுப் பெரியவரை எதிர்த்துப் பேச முடியாமல் குனிந்தாரா என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது.

உங்கள் கடிதத்தில் நாட்டைப் பற்றி இருப்பதெல்லாம் பெரியப்பா சொன்ன வாசகம். ஆச்சியின் புண்ணைப் பற்றி எழுதும்போதுதான் நீங்கள் பேசுகிறீர்கள். உப்புத் தண்ணீரை ஆற வைத்ததுவரை நினைவிருக்கிறதே! உங்கள் மனசு கிடக்கிற இடம் அது. படுக்கையில் விழுந்தவர்களை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வேலை.

அந்த வேலைக்கு நம் பக்கம் இடம் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிப் போகும் வலி நிவாரண சிகிச்சையும் உண்டு. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி நிவாரண முயற்சி, பிற்பாடு அக்கம்பக்கத்தாரையே பழக்கி ஊர் ஊராகப் பரவியது. நீங்கள் பீடி சுற்றும் பிள்ளைக்குச் செய்ததும் அதேதான். இப்போதே வாரம் ஒருநாள் வீடியோ காலில் அவளுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுங்கள். அவள் பீடிக் கட்டைக் கீழே வைக்கிற நேரத்துக்குக் கூலியை நீங்கள் அனுப்புங்கள். கூலி இல்லாத சேவையை ஏழைப் பிள்ளை தலையில் கட்டக் கூடாது. ஒரு வருஷம் கழிந்தும் அந்த ஆசை தணியவில்லை என்றால் அடுத்ததை யோசிக்கலாம்.

அடுத்தது என்றால் குடும்பத்தோடு மூட்டை கட்டுவது இல்லை. கொடை நேரத்து ஊரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வந்து தங்குங்கள். ஓடு ஒழுகும், கரண்டு போகும், விருந்தாளி என்ற மரியாதை நாலு நாளில் தீர்ந்துவிடும்; அந்த ஊரில் வேலை செய்யப் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஊதியமில்லா நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று வேலையிடத்தில் கேளுங்கள். உங்களுக்கு இருக்கும் தங்கும் உரிமை, தொடர்ந்து இரண்டு வருஷம் வெளியே இருந்தால் போய்விடும். அங்குள்ள நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க மூன்று வருஷத்தில் 450 மணி நேரப் பணி காட்ட வேண்டும். இரண்டையும் கணக்கில் வைத்துக்கொண்டால், பிடிக்காவிட்டாலும் திரும்பிப் போகக் கதவு திறந்திருக்கும்.

இதைக் கணவரிடம் இப்படியே சொல்லுங்கள். அவர் பயப்படுவது எல்லாவற்றையும் ஒரே நாளில் இழப்பதற்கு. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடம், பேச்சு, சிநேகிதிகள் எல்லாம் மாறுவது மகளுக்குச் சின்ன விஷயமும் அல்ல. அவளையும் உட்கார வைத்துக் கேளுங்கள்.

இத்தனை நாள் தூக்கம் கெட்டிருப்பதால், எந்த முடிவுக்கும் முன்னால், அங்கேயே உங்கள் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள்.