டூரிஸ்டாகப் போய் இறங்கி, மெக்சிகோவிலேயே கார்டு வாங்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். எனக்கு 67, மனைவிக்கு 63. இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். மெக்சிகோவில் சப்பாலா ஏரிக்கரையில் உள்ள அஹிஹிக் ஊரில் குடியேற ஆசை. அங்கே ஒருவர், "டூரிஸ்டாக வந்து இறங்குங்கள். ஆளுக்கு 1,500 டாலர் கொடுத்தால் குடியிருப்பு கார்டு வாங்கித் தருகிறேன். ஏரி தெரிகிற மனையும் மலிவாக இருக்கிறது" என்கிறார். நம்பலாமா? மனைவிக்குச் சர்க்கரை உண்டு. வைத்தியம், அன்றாட வாழ்க்கை எப்படி இருக்குமோ என்று அவருக்குக் கவலை. புளி கிடைக்குமா என்றும் கேட்கச் சொன்னார்.

பதில்: நம்ப வேண்டாம். டூரிஸ்டாக நுழைந்தவர் உள்ளே இருந்துகொண்டே குடியிருப்பு அனுமதிக்கு மாற மெக்சிகோவின் குடியேற்றச் சட்டம் இடம் தருவதில்லை. அந்த விசாவை வெளியே இருக்கும் மெக்சிகோ தூதரக அலுவலகத்தில் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின், சான் அன்டோனியோ என்று உங்கள் மாநிலத்திலேயே பல இருக்கின்றன. விசாக் கட்டணம் 50 டாலர் சொச்சம்தான். 1,500 டாலர் எதற்கு என்று அந்த ஆளையே கேட்டுப் பாருங்கள்.

தூதரகத்தில் பார்ப்பது உங்கள் வருமானத்தை. தற்காலிகக் குடியிருப்புக்கு மாதம் 4,000 டாலருக்கு மேல் பென்ஷன் வருகிறது என்று ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் காட்ட வேண்டும். அவ்வளவு வராவிட்டால் சேமிப்பைக் காட்டலாம். தொகையை மெக்சிகோவின் குறைந்தபட்சக் கூலியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். கூலி ஜனவரியில் ஏறினால் இதுவும் ஏறும். சட்டம் ஒன்றுதான். ஆனால் ஒரு அலுவலகம் பேங்க் முத்திரை கேட்கும், இன்னொன்று வேண்டாம் என்னும், மூன்றாவது போட்டோவில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பும். இத்தனை வருடமாக இதே வேலை பார்த்தும் எனக்கு இது பழகவில்லை. அப்பாயின்ட்மென்ட் எடுத்த அலுவலகத்தின் பட்டியலை மட்டும் பின்பற்றுங்கள்; நண்பர் போன அலுவலகத்தின் பட்டியல் உங்களுக்கு உதவாது.

விசா கையில் வந்ததும் 180 நாளுக்குள் நுழைய வேண்டும். நுழைந்த 30 நாளுக்குள் குடியேற்ற அலுவலகத்தில் அதை கார்டாக மாற்ற வேண்டும். நிறைய பேர் கோட்டை விடுவது விமான நிலையத்தில். அமெரிக்க பாஸ்போர்ட்டைப் பார்த்தவுடன் அதிகாரி பழக்கதோஷத்தில் டூரிஸ்ட் என்று போட்டுவிடுவார். சில விமான நிலையங்களில் தானியங்கிக் கதவும் உண்டு. அதில் நுழைந்தால் கேட்பாரே இல்லாமல் டூரிஸ்ட்தான். ஆள் உட்கார்ந்திருக்கும் கவுன்டருக்குப் போய், விசா ஒட்டிய பக்கத்தைத் திறந்து வைத்து, "கான்ஹே" என்று சொல்லுங்கள். மாற்றிக்கொள்ள வந்திருக்கிறேன் என்று அர்த்தம். அவர் எழுதியதில் 30 நாள் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டே நகருங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கட்டும்.

டூரிஸ்டாக வந்தவர் மாற முடியாது என்ற விதிக்கு உங்களுக்குப் பொருந்தும் ஒரு விலக்கு உண்டு. அதை வைத்துத்தான் அந்த ஆள் பேசுகிறார் என்று நினைக்கிறேன். கணவன் மனைவியில் ஒருவர் முறைப்படி கார்டு வாங்கிவிட்டால், மற்றவர் டூரிஸ்டாக வந்திருந்தாலும் குடும்ப உறவு என்ற பெயரில் உள்ளேயே விண்ணப்பிக்கலாம். முதல் கார்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். இருவருமே டூரிஸ்ட் என்றால் பேச்சே கிடையாது. இதற்கு வேண்டியது திருமணச் சான்றிதழ். நம்மவர்களுக்குத் தலைவலி அங்கேதான் ஆரம்பம். எண்பதுகளில் ஊரில் கல்யாணம் செய்துகொண்ட எத்தனை பேர் அதைப் பதிவு செய்தார்கள்? கல்யாணப் பத்திரிகையும் மண்டப ரசீதும் செல்லாது. பதிவு இருந்தால், அது இந்தியச் சான்றிதழ் என்பதால், ஆவணம் அசல்தான் என்று வெளிநாட்டுக்குச் சொல்லும் அப்போஸ்டில் முத்திரையை இந்தியாவில்தான் வாங்க வேண்டும். டெக்சாஸ் அரசு போடாது. அப்புறம் மெக்சிகோ அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர் அதை ஸ்பானிஷில் எழுதித் தர வேண்டும்.

அதோடு போகாது, பெயர் இருக்கிறது. சான்றிதழில் அப்பாவின் இனிஷியலோடு "எஸ். மீனாட்சி" என்று இருக்கும், அமெரிக்க பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். மெக்சிகோவில் பெண்கள் கல்யாணத்துக்குப் பின் பெயர் மாற்றுவதில்லை. அதனால் கவுன்டரில் இருப்பவருக்கு இது இரண்டு வேறு பெண்களாகத்தான் தெரியும். இருவரும் ஒருவரே என்று காட்டும் ஆவணத்தையும் கிளம்பும் முன்பே தயார் செய்யுங்கள். காட்ட வருமானம் போதுமானால், இந்த விலக்கை மறந்துவிட்டு இருவரும் தூதரகத்திலேயே விசா வாங்கிவிடுவது மேல். அங்கேயும் மனைவி உங்கள் வருமானத்தைச் சார்ந்தவராக விண்ணப்பித்தால் சான்றிதழ் கேட்பார்கள். அதனால் இன்றே ஊருக்குப் போன் போடுங்கள்.

அலுவலக வாசலில் நின்று காரியம் முடித்துத் தருகிற புரோக்கரை அங்கே கொயோத்தே என்பார்கள், நரி மாதிரியான பிராணியின் பெயர். இவர்கள் பொய் விவரம் கொடுத்து நிஜமான கார்டையே வாங்கிவிடுவதுண்டு. என்னிடம் வந்த ஒரு தம்பதிக்குப் புதுப்பிக்கப் போனபோதுதான் அது தெரிந்தது. அதற்குள் புரோக்கரின் போன் எடுபடவில்லை.

மனை விஷயம் இதைவிட மோசம். கடலிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நேரடியாக நிலம் வாங்க முடியாது, பேங்க் டிரஸ்ட் வழியாகத்தான் வாங்க வேண்டும். சப்பாலா உள்நாட்டில் இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஏரி தெரிகிற மனை மலிவாக வருகிறது என்றால் அது எஹிதோ நிலமா என்று முதலில் கேளுங்கள். புரட்சிக்குப் பிறகு விவசாயிகளுக்குக் கூட்டாகக் கொடுத்த நிலம் அது. நம் ஊர்ப் பஞ்சமி நிலம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: விற்கிறவர் இருப்பார், வாங்கியவருக்கு உரிமை வராது. "உரிமை ஒப்படைப்பு" என்று ஒரு தாளை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். எஸ்கிரித்தூரா என்ற பத்திரம், பதிவு அலுவலகத்தின் வில்லங்கச் சான்று, இரண்டும் வேண்டும். அங்கே நோத்தாரியோ என்பவர் கோர்ட் வாசலில் முத்திரை குத்தும் நம் நோட்டரி அல்ல, மாநில அரசு நியமித்த மூத்த வக்கீல். அவரை நீங்களே தேர்ந்தெடுங்கள். விற்பவர் காட்டும் ஆளிடம் போகாதீர்கள். இதற்கெல்லாம் முன்னால் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். ஏப்ரல், மே மாதப் புழுதியையும் ஜூனில் தொடங்கும் மழையையும் பார்த்த பிறகும் ஊர் பிடித்திருந்தால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

வைத்தியத்துக்கு வருவோம். முதியவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் மெக்சிகோவில் செல்லாது. அதற்காக, அதில் டாக்டர் செலவுக்கு மாதாமாதம் பணம் கட்டும் பகுதியான பார்ட் பி-யை நிறுத்திவிடாதீர்கள். திரும்பச் சேரும்போது விட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் 10 சதவீதம் அபராதம் ஏறும், ஆயுள் முழுக்க. மனைவியும் 65 ஆனதும் சேர்ந்துவிடட்டும். பெரிய ஆபரேஷன் என்றால் டெக்சாஸுக்கே பறந்துவிடலாம். மெக்சிகோ அரசின் இம்ஸ் காப்பீட்டில் கார்டு உள்ளவர்கள் பணம் கட்டிச் சேரலாம். ஆனால் சர்க்கரையால் சிறுநீரகமோ கண்ணோ பாதிக்கப்பட்டிருந்தால் சேர்க்க மாட்டார்கள். அந்தப் பரிசோதனைகளை இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள். சில்லறை வியாதிகளுக்குப் பிரச்சினை இல்லை. பல பார்மசிகளை ஒட்டியே ஒரு டாக்டர் உட்கார்ந்திருப்பார். ஆன்டிபயாடிக் மட்டும் 2010-லிருந்து சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள்.

அன்றாட வாழ்க்கை உங்கள் மனைவிக்கு டெக்சாஸைவிடப் பழக்கமானதாகத்தான் இருக்கும். 20 லிட்டர் கேன் தண்ணீர், மொட்டை மாடியில் டேங்க், தெருவில் கூவிக்கொண்டு போகும் கேஸ் வண்டி, இரண்டு மாதத்துக்கு ஒரு கரண்ட் பில். அதில் யூனிட் அளவு மீறினால் மானியம் போய்விடும் என்பதும் தெரிந்த கதைதான். டாய்லெட் பேப்பரைக் கூடையில் போட வேண்டும், குழாய் அடைத்துக்கொள்ளும். கடையில் நுழைந்ததும் வணக்கம் சொல்லாமல் சாமான் கேட்டால் முகம் சுளிப்பார்கள். பிளம்பர் "அஹொரீத்தா" என்றால் நம் ஊர் "இதோ வந்துட்டேன் சார்" என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புளி தாராளமாகக் கிடைக்கும். அதில் சர்பத்தே போடுகிறார்கள். கறிவேப்பிலைதான் கஷ்டம். கன்று எடுத்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள், விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.