விரலை விடுவது: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா.

நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வயது 38. பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. தினமும் ஃபேக்டரி பஸ்ஸில் பினாங்குப் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறேன். போன மாதம் நீங்கள் மழையைப் பற்றி எழுதிய கட்டுரையில், விடியற்காலையில் அரை மணி நேரம் கிளாசிக்கல் கிதார் சாதகம் செய்வதாக ஒரே ஒரு வரி வந்தது. மழையை விட்டுவிட்டு அந்த வரியைப் பிடித்துக்கொண்டேன், மன்னிக்கவும்.

இரண்டு வருடமாக நானும் கற்றுக்கொள்கிறேன். 700 வெள்ளி கிதார், வாரம் ஒரு வகுப்பு. சின்ன வயதில் கோயில் பாட்டு வகுப்பில் சரளி வரிசை, ஜண்டை வரிசை வரை போனதால் ஸ்வரம் காதுக்குத் தெரிகிறது. விரல்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சி மேஜர் ஸ்கேல் என்ற ஸ்வர வரிசையை, தாளம் தட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 80 அடி என்று வைத்து, அடிக்கு இரண்டு ஸ்வரமாக வாசிப்பேன். ஆறு மாதமாக அதே 80தான். 84 வைத்தால் வலது கை விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. இடது கைக் கட்டைவிரல் அடியில் வலி வேறு. நிறைய வாசித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். வேலையிடத்தில் கையுறை போடுவதால் நகம் வளர்க்க முடியாது. நகம் இல்லாவிட்டால் கிளாசிக்கல் கிதாரே இல்லை என்று வகுப்பில் ஒருவர் சொன்னார். "பொழுதுபோக்குத்தானே, ஏன் டென்ஷன்?" என்கிறார் என் கணவர். டென்ஷன் ஆகத்தான் செய்கிறது. என்ன செய்வது?

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

மழைக் கட்டுரைக்கு வந்த ஒரே கடிதம் உங்களுடையது. அதிலும் மழை இல்லை. பரவாயில்லை, கிதாரைப் பற்றிப் பேச யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருக்கிற ஆள் நான். ஆனால் ஒன்று, நான் வித்வான் இல்லை. முப்பத்து நான்கு வயதில் தொடங்கி, எல்லாத் தப்பையும் வரிசையாகச் செய்து பார்த்தவன். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

முதலில் வலி. நிறைய வாசித்தால் எல்லாம் சரியாகும் என்பவர்கள் பேச்சை இதில் மட்டும் கேட்காதீர்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில் நான் முதல் கிதார் வாங்கியபோது, தந்தி கெட்டியாக இருக்கிறதே என்று கேட்டேன். "புதுசு அப்படித்தான், பழகிடும்" என்றார் கடைக்காரர். ஒரு வருடம் பழகினேன். அதன் பலனாக மூன்று மாதம் கிதாரைத் தொட முடியாமல் கையில் பட்டி கட்டிக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் புலாவ் தீக்குஸில் ஒரு கடைவீட்டு மாடியில் பாடம் சொல்லிக்கொடுத்த சீனப் பெரியவர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை. மேஜை டிராயரிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற இரும்பு அளவுகோலை எடுத்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டின்மேல் நிறுத்தினார். வீணையில் மெட்டு என்போமே, அதுதான் ஃப்ரெட். அந்த மெட்டுக்கும், தந்திகளிலேயே தடித்ததான ஆறாம் தந்திக்கும் நடுவே ஐந்தரை மில்லிமீட்டர் இருந்தது.

நைலான் தந்தி போட்ட கிதாரில் அந்த இடத்தில் ஆறாம் தந்திக்கு 4 மில்லிமீட்டர், முதல் தந்திக்கு 3 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும். கிதாரின் உடல் பக்கத்தில் தந்தி ஏறி உட்காரும் அந்த வெள்ளைத் துண்டுக்கு சாடில் என்று பெயர். அதைக் கழற்றி அடிப்பக்கத்தைத் தேய்த்தால் தந்தி இறங்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட் தந்தி நீளத்தின் சரிபாதி என்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சாடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்க்க வேண்டும், தேய்த்ததை ஒட்ட முடியாது. நம் ஊர் ஈரக்காற்றில் கிதாரின் மேல்பலகை உப்பிக்கொண்டு தந்தியை இன்னும் தூக்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, உங்கள் கட்டைவிரலைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் அளவுகோலை எடுங்கள். அளவைச் சரிசெய்த பிறகும் வலி இருந்தால் வாசிப்பை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இனி விரல். இடது கையின் ஒரு விரலை இரண்டாம் தந்தியில், ஏதாவது ஒரு ஃப்ரெட் கம்பியை ஒட்டினாற்போல அதற்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். அழுத்த வேண்டாம், சும்மா தொட்டால் போதும். வலது கையால் மீட்டினால் 'டப்' என்று செத்த சத்தம் வரும். விரலின் எடையை ஒரு துளி கூட்டுங்கள். இப்போது 'ஜ்ஜ்' என்று இரையும். இன்னும் ஒரு துளி. ஸ்வரம் தெளிவாக வந்துவிடும். அங்கேயே நில்லுங்கள். அவ்வளவுதான் தேவை. நீங்கள் இதுவரை எவ்வளவு அழுத்திக்கொண்டிருந்தீர்கள் என்பதை அந்த இடத்தில் கை தானே சொல்லும். எனக்குச் சொன்னபோது வெட்கமாகப் போய்விட்டது.

இதையே கட்டைவிரலைக் கிதாரின் கழுத்திலிருந்து எடுத்துவிட்டும் செய்து பாருங்கள். கையின் கனமே தந்தியை ஃப்ரெட் வரை கொண்டுபோய்விடும். கட்டைவிரல் பின்னால் துணைக்கு நிற்க வந்தது. நாம்தான் அதை இடுக்கியாக்கி, பிறகு வலிக்கிறது என்கிறோம்.

என் பெரியவர் ஹொக்கியனும் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுவார். எனக்கு வகுப்பில் பாதி புரியாது. ஆனால் ஒரு சொல் மட்டும் நிமிடத்துக்கு ஒரு தடவை காதில் விழும்: "லெப்பாஸ்." விடு. தினமும் பாயான் லெப்பாஸுக்குப் போய் வருகிறவருக்கு இந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. (பாயான் என்றால் கிளி. 'விட்டுப் பறந்த கிளி' என்று அந்த ஊர்ப்பெயரைப் படித்துக்கொள்ளலாம்.) அழுத்து என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அழுத்த எந்த விரலுக்கும் தெரியும். அழுத்திய மறுகணம் விட்டுவிட்டு வெறும் விரலாகத் திரும்பத்தான் அதற்குத் தெரியாது. உங்கள் 80க்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன்.

வலது கையைப் பாருங்கள். கட்டைவிரலுக்கு 'பி', சுட்டுவிரலுக்கு 'ஐ', நடுவிரலுக்கு 'எம்', மோதிரவிரலுக்கு 'ஏ' என்று உங்கள் வகுப்பிலும் சொல்லியிருப்பார்கள். ஸ்பானியப் பெயர்களின் முதலெழுத்துகள். ஒரு தந்தியில் ஐ, எம், ஐ, எம் என்று மாற்றி மாற்றி மீட்டும்போது சுண்டுவிரல் என்ன செய்கிறது? சூடான தே தாரிக் கிளாஸை விளிம்பில் பிடிக்கும்போது நீட்டிக்கொள்ளுமே, அப்படி விறைத்து நிற்கிறதா? நிற்கிறதென்றால் மீட்டி முடித்த விரல் இன்னும் ஓய்வுக்குப் போகவில்லை என்று அர்த்தம். ஐ மீட்டி முடித்தும் இறுகியிருக்கும், அதற்குள் எம் புறப்படும், இறுக்கத்தின்மேல் இறுக்கம். 80 வரை இதைத் தாக்குப்பிடிக்கலாம். 84இல் விரல்கள் ஏறிக்கொள்ளாமல் என்ன செய்யும்? உங்கள் கணவர் டென்ஷன் என்ற சொல்லை வேறு எதற்கோ சொன்னார், கையைப் பொறுத்தவரை அது அப்படியே பொருந்துகிறது.

மூன்றாம் தந்தியில் நான்கே மீட்டு. பிறகு நிறுத்தி, சுண்டுவிரல் உட்பட எல்லாம் தொங்கும் வரை காத்திருங்கள். மறுபடி நான்கு. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் செய்யாதது போலத்தான் இருக்கும். என் மனைவி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "தந்தி அறுந்துபோச்சா?" என்று கேட்டாள்.

இன்னொரு விஷயம் ஸ்கேலுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லாமல் நானே கண்டுபிடித்ததில் அற்பப் பெருமை உண்டு, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சி மேஜர் என்பது நமக்குச் சங்கராபரணம். ஐந்தாம் தந்தி மூன்றாம் ஃப்ரெட்டை 'ச' என்று வைத்துக்கொள்ளுங்கள். ரி, க, ம மூன்றும் நான்காம் தந்தியில். ப, த மூன்றாம் தந்தியில். நி, மேல் ச இரண்டாம் தந்தியில். ஏறும்போது மூன்று இடத்தில் தந்தி தாண்டுகிறோம்: ரி, ப, நி.

நடுவிரல் சுட்டுவிரலைவிட நீளம். அதனால் ஒரு தந்தியில் ஐ மீட்டி, அடுத்த மெல்லிய தந்தியில் எம் விழுந்தால் கைக்குச் சுகம். எம் மீட்டி ஐ போய்த் தொட வேண்டுமென்றால் குட்டை விரல் நெட்டை விரலைத் தாண்டி எட்ட வேண்டும், அங்கேதான் சிக்கும். இப்போது ஸ்கேலை ஐ விரலில் தொடங்கி எண்ணுங்கள்: ச ஐ, ரி எம், க ஐ, ம எம், ப ஐ, த எம், நி ஐ. ரி சுகமாக வந்துவிடும். ப, நி இரண்டிலும் சிக்கல். எம் விரலில் தொடங்கினால் ரி ஒன்றில்தான் சிக்கல், ப-வும் நி-யும் தானாக விழும். நீங்கள் ஐ-யில்தான் தொடங்குகிறீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். முழு ஸ்கேலையும் நூறு தடவை ஓட்டுவதற்குப் பதில், ம-விலிருந்து ப, த-விலிருந்து நி, இந்த இரண்டு தாண்டலை மட்டும் எடுத்து ஐந்து நிமிடம் வாசியுங்கள். தாண்டியதும் பின்னால் விட்டுவந்த விரல் தளர்ந்ததா என்று பாருங்கள்.

மெட்ரோனோமை 80, 84 என்று படியேற்றுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிடுங்கள். கோயில் வகுப்பில் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடினீர்கள் அல்லவா? ராகம் அங்கே மாயாமாளவகௌளை, மற்றபடி வழி அதேதான். மெட்ரோனோமை 45இல் வையுங்கள். முதல் காலம் அடிக்கு ஒன்று, இரண்டாம் காலம் இரண்டு, மூன்றாம் காலம் நான்கு. தாளம் நகராமல் நிற்பதால் மனம் பதறாது. மூன்றாம் காலத்தில் நான்கு ஸ்வரம் மட்டும் வாசித்துவிட்டு உடனே முதல் காலத்துக்கு இறங்கிவிடுங்கள். கணக்குப் போட்டால் அந்த நான்கு ஸ்வரமும் நிமிடத்துக்கு 180 என்ற வேகத்தில் போயிருக்கும். உங்கள் 80 என்பது 160தான். தாண்டிவிட்டீர்கள், நான்கு ஸ்வரத்துக்கு மட்டும். அதை ஐந்தாக்குவது அடுத்த வாரத்து வேலை.

ஸ்கேல் சலித்தால் இத்தாலியக் கிதார் கலைஞர் மௌரோ ஜூலியானி 1812இல் வியன்னாவில் வெளியிட்ட 120 வலது கைப் பயிற்சிகள் இருக்கின்றன. அவர் செய்த கெட்டிக்காரத்தனம், 120க்கும் இரண்டே கார்டை (சில ஸ்வரங்கள் சேர்ந்த கூட்டு) வைத்தது: சி, ஜி ஏழு. இடது கைக்குப் பெரிய வேலை இல்லை, முழுக் கவனமும் வலது கைக்குப் போகும். நாளைக்கு இரண்டு போதும். வரிசையாக முடித்தே தீர வேண்டும் என்பதெல்லாம் கிரேட் தேர்வு மனப்பான்மை. நம் நாட்டில் எந்த இசைக்கும் ஒரு சர்டிபிகேட் ஒட்டியே வருகிறது, அதைப் பற்றித் தனியாகத் திட்டி எழுத வேண்டும்.

நகம். வகுப்பில் சொன்னவருக்குக் கிதார் மேதை ஃபெர்னாண்டோ சோரைத் தெரியாது போலிருக்கிறது. சோர் (1778–1839) விரல் சதையால்தான் மீட்டினார். அவருடைய நண்பர் அகுவாடோ (1784–1849) நகத்தால் மீட்டினார். இருவரும் ஸ்பெயின்காரர்கள், பாரிஸில் ஒன்றாக இருந்தவர்கள். சேர்ந்து வாசிப்பதற்கென்றே சோர் இரண்டு கிதாருக்கு ஓர் இசை எழுதி அதற்கு 'இரு நண்பர்கள்' என்று பெயர் வைத்தார். பின்னால் வந்த கிதார் கலைஞர் டாரேகாவும் (1852–1909) கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிக்கொண்டு சதைக்கே திரும்பினார். நகம் கணீரென்ற சத்தம் தரும். சதை உருண்டையான சத்தம் தரும், கொஞ்சம் மெதுவாகக் கேட்கும். தாமான் வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு வாசிப்பவருக்கு அது வசதிதான். கையுறை போடுகிற வேலையை விட்டுவிட்டா நகம் வளர்ப்பார்கள்? ஒழுங்காக வெட்டி, ஓரம் பிசிறில்லாமல் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

எவ்வளவு நேரம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஷிப்ட் முடிந்து பாலத்து நெரிசலில் நின்று வீட்டுக்கு வந்த கையோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டாம். பதினைந்து நிமிடம், எழுந்து ஒரு கோப்பி, பிறகு பதினைந்து நிமிடம். நைட் ஷிப்ட் வாரத்தில் அந்த 'டப், ஜ்ஜ், ஸ்வரம்' பயிற்சியை மட்டும் செய்தால்கூடக் கை மறக்காது. எங்கள் பக்கத்தில் தைப்பூசம் நெருங்கினால் உறுமி மேளப் பையன்கள் மாலையில் ஒத்திகை தொடங்கிவிடுவார்கள், அந்த நாட்களில் நானும் அதிகம் சத்தம் வராத இந்தப் பயிற்சியைத்தான் செய்கிறேன். சதை கொண்டு மீட்டினாலும் நகம் கொண்டு மீட்டினாலும் உறுமியை ஜெயிக்க முடியாது.

இன்று இரவே அளவுகோலை வைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட், ஆறாம் தந்தி. ஃப்ரெட் கம்பியின் தலையிலிருந்து தந்தியின் அடிவரை எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி அனுப்புங்கள். ஐந்தைத் தாண்டியிருந்தால் அடுத்த பாடத்துக்கு முன் சாடிலைக் கழற்றியாக வேண்டும். நீங்களாகத் தேய்க்கத் துணியாதீர்கள். எந்தக் கடையில் கொடுத்தாலும், மறுபடி அளந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.